ஸ்கேனில் தெரியாத வயிற்றுவலி

என் மகளுக்கு எட்டு வயதில் தொடங்கிய வயிற்றுவலி நேரம் தவறாதது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் சீருடையைக் கையில் எடுத்தவுடன் வரும். பள்ளி வேன் தெருமுனையைத் தாண்டிப் போனபின் மெல்லத் தணியும். சனி, ஞாயிறில் எட்டிப் பார்க்காது. இதைக் கேட்ட உறவினர்கள் பலரும் ஒரே குரலில் "நடிக்கிறாள்" என்றார்கள்.

நடிப்பு இல்லை. தரையில் சுருண்டு கிடந்து, நெற்றி வியர்த்து, சில நாட்களில் வாந்தியும் எடுக்கிற குழந்தையின் வலி உண்மையான வலி. பயம் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. தேர்வு அறைக்கு வெளியே வயிற்றைப் பிசையும் அனுபவம் பெரியவர்களுக்கும் உண்டு. அது பதற்றம் என்று நமக்குத் தெரியும். எட்டு வயதுக் குழந்தைக்கு வயிறு வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் போனோம். அதுதான் சரியான வரிசை என்று இன்றும் சொல்வேன். சிறுநீர், ரத்தம், மலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்தார். எடை குறைவது, இரவில் வலியால் விழித்துக்கொள்வது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஒரு பக்கமாக வருகிற வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் உடல் நோயைத்தான் முதலில் தேட வேண்டும் என்றார். அவளுக்கு எதுவும் இல்லை. ஸ்கேன் அறிக்கையை மடித்துவிட்டு, "வீட்டில் சமீபத்தில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார்.

நடந்திருந்தது. என் மாமனார் வீட்டுக் கூடத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். நான் அலுவலகத்தில் இருந்தேன், கணவர் வெளியூரில். அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். தாத்தாவோடு இருந்தவள் இவள் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து 108க்கு அழைத்தார்கள். காரியங்கள் முடியும் வரை அவள் அழவே இல்லை. "குழந்தைதானே, மறந்துவிடுவாள்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

குழந்தைகள் மறப்பதில்லை, அவர்களுடைய துக்கம் வேறு வழியாக வெளியே வருகிறது. இரவில் கண்விழித்துப் பார்த்தால் இவள் பாட்டியின் கட்டிலருகே நின்றுகொண்டிருப்பாள். போர்வை ஏறி இறங்குகிறதா என்று உற்றுப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்து, என் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள்.

"பிள்ளை பயந்திருக்கிறது" என்று வீட்டில் முதலில் சொன்னவர் அத்தைதான். வேப்பிலையால் மந்திரித்து, கையில் கயிறு கட்டி அழைத்து வந்தார். சில நாட்கள் நன்றாகவே தூங்கினாள். பெயர் வேறாக இருந்தாலும் அத்தை கண்டுபிடித்தது சரியான இடம். பிறகு நாங்கள் பார்த்த உளவியலாளரும் அந்தக் கயிறை அவிழ்க்கச் சொல்லவில்லை. "அது அவளுக்குத் தைரியம் தருகிறது, இருக்கட்டும்" என்றார்.

இப்போது என்னிடம் தோழிகள் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கட்டத்தில் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும்? சேட்டை எது, பிடிவாதம் எது, வளர்கிற வயதின் இயல்பு எது என்று எப்படிப் பிரிப்பது? குழந்தை எவ்வளவு சத்தமாக அழுகிறது என்பதை நான் அளவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அடம்பிடித்து வீட்டை இரண்டாக்கும் பிள்ளை மாலையில் ஓடியாடி விளையாடினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. யாருக்கும் தொல்லை தராமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை அதிகம் கவனிக்க வேண்டும். பார்க்க வேண்டியது, அந்தக் குழந்தையின் உலகம் சுருங்குகிறதா என்பதை. எங்கள் வீட்டில் முதலில் வேன் நின்றது. அடுத்து பரதநாட்டிய வகுப்பு. பிறகு இரண்டு வீடு தள்ளி இருக்கும் தோழியின் பிறந்தநாளுக்குப் போகவில்லை. கடைசியில் நான் மாடியில் துணி காயப்போடும் நேரம்கூட அவளால் கீழே தனியாக இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் ஒன்று இருந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெரிந்தது.

எவ்வளவு காலமாக நடக்கிறது என்பதும் முக்கியம். பெற்றோரைப் பிரிய முடியாத இந்தப் பதற்றம் குழந்தைகளிடம் நான்கு வாரங்களாவது நீடித்து அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக மருத்துவ உலகம் கருதுகிறது. ஒரு வாரம் அழுதுவிட்டு எல்.கே.ஜி.க்குப் பழகிவிடும் குழந்தை இதில் சேராது. வீடு, பள்ளி, உறவினர் வீடு என்று எத்தனை இடங்களில் தொல்லை தெரிகிறது என்றும் பாருங்கள். ஒரு வகுப்பில் மட்டும், ஒரு ஆசிரியரிடம் மட்டும் பயம் என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த வகுப்பைத்தான், குழந்தையை அல்ல.

நாங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகரில் இருந்த ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனோம். முதல் சந்திப்பில் குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கர்ப்பகாலம், பிரசவம், எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், தூக்கம், சாப்பாடு, இரு குடும்பங்களிலும் யாருக்காவது மனநலத் தொல்லை இருந்ததா என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கணவரும் வர வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்வதில்லை, அந்த இடைவெளியிலும் தகவல் இருக்கிறது என்றார்.

அவள் போன முதல் நாளில் பள்ளியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பாய் விரித்த அறை. மரப்பாச்சி பொம்மைகள், களிமண், ஒரு பொம்மை வீடு, வண்ணப் பென்சில்கள். இவ்வளவு பணம் கொடுத்து விளையாட அனுப்புவதா என்று என் கணவருக்குத் தோன்றியது, வாய்விட்டே கேட்டார். பெரியவர்கள் பேச்சில் செய்வதைக் குழந்தைகள் விளையாட்டில் செய்கிறார்கள் என்பதுதான் உளவியலாளரின் பதில். அதன் பொருள் சில வாரங்கள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

பொம்மை வீட்டில் அவள் திரும்பத் திரும்ப ஒரே காட்சியை நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பொம்மை சமையலறைக்கு ஓடும். டம்ளரோடு திரும்பி ஓடிவரும். கூடத்தில் பெரிய பொம்மை விழுந்து கிடக்கும். மறுபடி சமையலறைக்கு ஓடும், இன்னும் வேகமாக. உளவியலாளர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், "இந்தப் பாப்பா ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "தண்ணீர் சீக்கிரம் கொடுத்திருந்தால் தாத்தா செத்திருக்க மாட்டார்" என்று பதில் வந்தது.

மாமனார் விழுவதற்கு முன் அவளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். குடத்திலிருந்து மொண்டு எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் கை தாமதமானதால் தாத்தா போய்விட்டார், தான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அம்மாவும் போய்விடுவாள். அவளுடைய கணக்கு இதுதான். இந்தக் கணக்கோடு எந்தக் குழந்தை வேனில் ஏறும்?

அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உளவியலாளர் எங்களிடம் இதைச் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டது, டாக்டரே பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்திருந்தாலும் அந்த அடைப்பு போயிருக்காது என்று என் கணவர் படம் வரைந்து விளக்கினார். தாத்தா சாமியிடம் போய்விட்டார், தூங்குகிறார் போன்ற சொற்களைத் தவிர்க்கும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். தூங்கினால் இறந்துபோவோம் என்று நினைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வர மாட்டார் என்று உள்ளபடியே சொல்ல வேண்டும். அன்று இரவு அவள் தாத்தாவுக்காக முதல்முறையாக அழுதாள். அத்தையும் உட்கார்ந்து கூடவே அழுதார்.

காரணம் தெரிந்துவிட்டால் மறுநாளே பள்ளிக்குப் போய்விடுவாள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. பயத்துக்குப் பழகிப்போன உடலை மறுபடி பழக்க வேண்டும், அதற்குத் தனியாக வேலை இருக்கிறது. பயத்தை அளக்க ஒரு படம் வரையச் சொன்னார்கள். அவள் வரைந்தது எங்கள் ஊர் ராஜகோபுரம். அதற்குப் பதிமூன்று நிலைகள் என்பதால் அவளுடைய பயத்துக்கும் பதிமூன்று நிலைகள். பள்ளி விட்டபின் மாலையில் என்னோடு போய்க் காலி வகுப்பறையில் தன் இடத்தில் உட்கார்வது மூன்றாம் நிலை. காலையில் சீருடையோடு கேட் வரை போவது ஐந்து. நூலகத்தில் ஒரு பீரியட் இருப்பது ஏழு. நான் அலுவலகத்தில் இருக்க, முழு நாளும் வகுப்பில் இருப்பது பதிமூன்று. கீழேயிருந்து தொடங்கி, ஒரு நிலையில் பயம் பாதியாகக் குறையும் வரை அங்கேயே திரும்பத் திரும்ப நின்றுவிட்டு, பிறகு மேலே போக வேண்டும். பயப்படுகிற இடத்திலிருந்து உடனே தப்பித்து வந்தால் பயம் வலுக்கும், கொஞ்ச நேரம் தாங்கி நின்றால் அது தானாக இறங்கும் என்பதை உடல் நேரடியாக அனுபவித்துக் கற்றுக்கொள்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சைமுறையின் மையம் இதுதான். குழந்தைகளின் பதற்றத்துக்கு நன்கு ஆராயப்பட்ட முறையும் இதுதான்.

இதில் பெரும்பங்கு வேலை பெற்றோருக்கு. அமர்வில் உட்காரும் நேரம் கொஞ்சம், வீட்டில் கழியும் நேரம்தான் அதிகம். "சாயங்காலம் வந்துவிடுவாய்தானே அம்மா?" என்று காலையில் ஓயாமல் கேட்பாள். எந்தத் தாயும் ஒவ்வொரு முறையும் "கட்டாயம் வருவேன் கண்ணு" என்றுதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு உறுதிமொழியும் சில நிமிடங்களுக்குத்தான் நிற்கும், அடுத்த கேள்வியையும் அதுவே வரவழைக்கும் என்று உளவியலாளர் விளக்கினார். ஒருமுறை தெளிவாகப் பதில் சொல்வது, மறுபடி கேட்டால் "பதில் உனக்குத் தெரியும், நீயே சொல்" என்பது, இதுதான் புதிய வழக்கம். வாசலில் விடைபெறுவது சுருக்கமாக இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகாத நாளில் திட்டும் கிடையாது, டி.வி.யும் செல்போனும் கிடையாது. பள்ளி நேரம் முழுவதும் வீட்டுப்பாடம்தான். இதற்கு அத்தை ஒத்துழைத்தார், அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உடம்பு சரியில்லாத பேத்திக்கு முறுக்கு கொடுக்காமல் இருப்பது ஒரு பாட்டிக்கு எளிதல்ல.

வகுப்பு ஆசிரியை செய்த உதவி சிறியது, ஆனால் பெரிதும் கைகொடுத்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கவில்லை. காலையில் வருகைப் பதிவேட்டை அலுவலக அறைக்குக் கொண்டுபோகும் வேலையை அவளிடம் கொடுத்தார். வந்தவுடன் கைக்கு ஒரு வேலை இருந்தது. உளவியலாளர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் நோயின் பெயர், வீட்டு விவரம் எதுவும் இல்லாமல், பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருந்தது. பள்ளியிடம் எவ்வளவு சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு இந்த முறையைத்தான் பரிந்துரைப்பேன்.

ஏற்றம் நேர்கோட்டில் இருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வயிற்றுவலி அப்படியே திரும்பி வந்தது. நீண்ட விடுமுறைக்குப் பின்பும், காய்ச்சலில் படுத்து எழுந்த பின்பும் இப்படி ஆகும் என்று முன்னரே எச்சரித்திருந்ததால் நாங்கள் நிலைகுலையவில்லை. இரண்டு நிலை கீழே இறங்கி மறுபடி ஏறினாள். மருந்து தேவைப்படவில்லை. தேவைப்படும் குழந்தைகளும் உண்டு, பதற்றம் கடுமையாக இருந்து அமர்வுகள் மட்டும் போதாதபோது மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமர்வு முடிந்து வரும் குழந்தையிடம் "என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்?" என்று துருவாதீர்கள். அந்த அறையில் பேசுவது தன்னுடையது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் குழந்தை பேசாது. நாங்கள் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் பேசிக்கொண்டு வருவோம். இந்த ரகசியத்துக்கு எல்லை உண்டு. குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்ல சிகிச்சையாளர் இதை முதல் நாளிலேயே குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிடுவார்.

யாரிடம் போவது என்பதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பெரும்பாலும் அந்தத் துறையில் எம்.ஃபில். முடித்தவர். சோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் அவர் வேலை, மருந்து எழுத மாட்டார். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் அவரிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்பது அவமரியாதை அல்ல. ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்வோரில் முறையாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள், வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்போரும் இருக்கிறார்கள். எதில் பட்டம், குழந்தைகளோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறார், என்ன முறை, எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். நாங்கள் ஆரம்பத்தில் விசாரித்த ஒரு நிலையத்தில் குழந்தையைப் பார்க்காமலேயே முழுக் குணம் உறுதி என்று சொல்லி, முன்பணமாகப் பெருந்தொகை கேட்டார்கள். குழந்தையைப் பார்க்கும் முன்பே உறுதிமொழி தருகிறவரிடம் போக வேண்டாம்.

பணம் இல்லாதவர்களுக்கு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளியாக இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் இடம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேராமல் பெறும் அமர்வுகளுக்குப் பணம் தராத பாலிசிகள் பல, முன்கூட்டியே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் பொறுத்துப் பார்க்கும் கால அளவு இன்னும் குறைவு. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கை நீட்டிக் காட்டுவதோ இல்லை, ஒன்றேகால் ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் காது கேட்கும் பரிசோதனை, கூடவே வளர்ச்சி மதிப்பீடு. "அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்" என்ற பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே பேசிய சொற்களை ஒரு குழந்தை இழந்தால் எந்த வயதானாலும் தாமதிக்கக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் செயல்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

சிலவற்றுக்கு வாரக் கணக்கே பார்க்கக் கூடாது. சாவதைப் பற்றிப் பேசுவது, எழுதுவது, உடலில் காயப்படுத்திக்கொள்வது, சாப்பாட்டை அறவே நிறுத்துவது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் நடுங்குவது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைக்கலாம். "கவனத்தை ஈர்க்கத்தான் சொல்கிறான்" என்று ஒதுக்க வேண்டாம். அப்படியே இருந்தாலும், செத்துப்போகிறேன் என்று சொல்லித்தான் பெரியவர்களின் கவனத்தைப் பெற முடியும் என்ற நிலையில் அந்தக் குழந்தை இருக்கிறது.

முதல் முறை போகும்போது பழைய பரிசோதனை அறிக்கைகள், பள்ளி மதிப்பெண் அட்டை, இரண்டு வாரமாக எப்போது என்ன நடந்தது, அதற்குமுன் என்ன நடந்தது என்று எழுதிய குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். குழந்தையிடம் கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த டாக்டரிடம் விட்டுவிடுவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். நான் முந்தின நாள் மாலையில் தலைவாரிக்கொண்டே சொன்னேன்: "உன் வயிற்றுவலி நிஜம் என்று எனக்குத் தெரியும். பயத்தால் வருகிற வலியைப் பற்றிப் படித்த ஒரு ஆன்ட்டி இருக்கிறார். ஊசி கிடையாது. பேசப் பிடிக்காவிட்டால் விளையாடலாம். நான் வெளியே நாற்காலியில் இருப்பேன்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மற்ற பிள்ளைகளும் அங்கே வருவார்களா?" என்று கேட்டாள். நிறையப் பேர் வருவார்கள் என்றேன்.